நாக்கில் வைக்காமல்

பெட்டிக்குள் இறக்குவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து நன்றாகத் துடைத்துவிட வேண்டும், ஈரத்தோடு இருந்தால் உபயோகித்த பொருள் என்று சொல்லித் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று அவர் காலையில் கடைக்குக் கிளம்பும்போது இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார், காப்பி மெஷினை உபயோகிக்காமல் பிறகு என்ன செய்வார்களாம், அலமாரியில் வைத்து சலாம் சொல்வார்களா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை, நோன்பு வைத்துக்கொண்டு விடிந்ததும் யார் வாய் கொடுப்பது, சரிங்க என்று மட்டும் சொன்னேன். கல்யாணமாகி இந்த பீமநகர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் வாயிலிருந்து அதிகமாக வெளியே போன சொல் அதுவாகத்தான் இருக்கும். இப்போது ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து வந்து, மதியம் லுஹர் தொழுது, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து அடுப்படியில் நிற்கிறேன். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு வலி, அது பசி இல்லை, தாகமும் இல்லை, காப்பிக்கான வலி, அதை எனக்கு நன்றாகத் தெரியும். மேடையில் அது நிற்கிறது, ஒரு முழ உயரம், நெற்றியில் அழுத்தம் காட்டும் ஒரு வட்ட முள், பக்கவாட்டில் நீராவிக் குழாய், முன்னால் பூட்டித் திருப்பும் கைப்பிடி. எஸ்பிரெஸோ மெஷின், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது. ஒரு வாரமாக நானும் கற்றுக்கொள்கிறேன், நோன்பு திறந்தபிறகு தினம் ஒரு கோப்பை, ஒவ்வொன்றும் மேலே மஞ்சள் நுரையும் கீழே சாயம்போன தண்ணீருமாக வந்து நிற்கிறது, பொடியை நைஸாக அரைத்தாலும் அதே, கொரகொரப்பாக அரைத்தாலும் அதே. மூன்றாம் நாள் நான் வாய் தவறி, இது என்னமோ சரியா வரலைங்க என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் இவரோடு இருந்துவிட்டு அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கெட்டவர் இல்லை, அதைத்தான் யாரிடமும் விளக்க முடிவதில்லை, கை நீட்டினவர் இல்லை, குரல் உயர்த்தினவர் இல்லை, பாலக்கரையில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடையில் நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுத் தண்ணீர்க் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டு வருகிறவர், என் கஷ்டத்தையும் அப்படியே தீர்க்கிறார், ஒரு பொருள் எனக்குத் தொந்தரவு கொடுத்தால் அந்தத் தொந்தரவை எடுத்துவிடுகிறார், பொருளோடு சேர்த்து. தையல் மெஷினில் ஊசி ஒடிந்துகொண்டே இருக்கிறது என்றேன், அடுத்த வாரம் அது அவர் தங்கச்சி வீட்டில் இருந்தது. அப்புறம் ஸ்கூட்டி. மகள் ஒண்ணாம் வகுப்புப் போகிற சமயம், மைதானத்தில் காலை ஐந்தரைக்குப் போய் நானே கற்றுக்கொண்டது, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் எப்படிச் செருகுவது என்பது முதற்கொண்டு நானே கண்டுபிடித்தது, தென்னூர்ப் பாலத்து இறக்கத்தில் மணலில் சறுக்கி ஒரே ஒரு தரம் விழுந்தேன், முட்டியில் ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்தது, அவ்வளவுதான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அதில் போனவர் திரும்பி வரும்போது நடந்து வந்தார், வண்டியைப் பள்ளிவாசலில் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். "இனிமே உனக்கு அந்தப் பயமே வேணாம் பல்கீஸு" என்றார். நான் பயப்படவே இல்லை என்று அப்போது சொல்லவில்லை. நான் மறுபடி ஏறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன், முட்டி காய்வதற்காக, அவ்வளவுதான். இப்போது இந்த மெஷின். முந்தாநாள் ராத்திரி சாப்பிடும்போதே போனை நோண்டிக்கொண்டிருந்தார், "ரிட்டர்ன் போட்டுட்டேன், நாளன்னைக்கு சாயங்காலம் ஆள் வருவான், அதுதான் கடைசி நாள்" என்றார், கஞ்சியை ஊதிக் குடித்தபடி. நானும் சரிங்க என்றேன். ஆர்டர் போட்டது அவர் போனில் என்பதால் திருப்பி அனுப்புவதும் அவர் போனில்தான், நடுவில் நான் என்பது பெட்டியைக் கட்டி வைக்கிற ஆள்.

தொட்டியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுகிறேன். வெள்ளைத் துணியால் உள்ளே விட்டுத் துடைக்கிறேன். லேபில் சோதனைக் குழாய்களை வரிசையாகத் துடைத்து வைத்துப் பழகிய கை, தானாக வேலை செய்கிறது, மனசுதான் வேறெங்கோ போகிறது. எனக்கு எதற்கு இந்த மெஷின் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, கேட்கவும் இல்லை, டிகிரி காப்பிக்கு என்ன குறைச்சல் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு குறைச்சலும் இல்லை. போன வருஷம் லேபில் புது மெஷின் வாங்கினார்கள், ரத்தம் பார்க்கிற மெஷின், அதற்குப் பயிற்சி என்று என்னை இரண்டு நாள் பெங்களூருக்கு அனுப்பினார்கள், ரயிலுக்கு நேரம் இருந்தது, ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு காப்பிக் கடை, கண்ணாடிக் கதவு, நான் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு கடையில் தனியாக உட்கார்ந்தேன். பலகையில் எழுதியிருந்ததில் மேலே இருந்ததைக் காட்டினேன், அதுதான் சின்னப் பெயர், அதனால். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கோப்பை வந்தது, அடியில் கறுப்பாக மூன்று மடக்கு, பால் தனியாக வரும் என்று நான் பாட்டுக்குக் காத்திருந்தேன், வரவில்லை, ஆறிவிடுமே என்று குடித்தேன். தூக்கிவாரிப் போட்டது. முதலில் ஒரு புளிப்பு, எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி, உடனே அதன் மேல் ஒரு கசப்பு வந்து படுத்துக்கொண்டது, விழுங்கி வெகுநேரம் கழித்து, ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, தொண்டையின் அடியிலிருந்து கருகின வெல்லம்போல ஒரு இனிப்பு தானாக ஏறி வந்தது. சீனி போடாத ஒன்றில் இனிப்பு எங்கே இருந்தது. அதைத்தான் சேலம் வருகிறவரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். நான் தினம் காலையில் லேபில் பேசுகிற முதல் வார்த்தையே காப்பிதான், வெறும் வயிற்றோடு சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம், காப்பி குடிச்சீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியைப் பிரிப்பேன், "ரெண்டே மடக்குதாம்மா" என்று குழந்தைமாதிரி ஒப்புக்கொள்கிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். அத்தனை பேரைக் காப்பி குடிக்காதே என்று தடுத்தவள் எனக்கென்று ஒன்றைக் கேட்டேன். அது வந்தது. இதோ, போகிறது.

அட்டைப்பெட்டிக்குள் தெர்மக்கோலை முதலில் இறக்க வேண்டும். அடிப்பாகத்தைத் தூக்கித் தட்டுகிறேன், உள்ளே ஏதோ கடகடவென்கிறது. ஓரத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இன்னொரு கிண்ணம், கைப்பிடிக்குள் பொருத்திப் பொடி போடுகிற அதே அளவுக் கிண்ணம். இது எதற்கு உபரியாக ஒன்று. படம் போட்ட தாளில் இரண்டு கிண்ணம் இருந்தது உண்மைதான், ஒன்று தொலைந்தால் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன், இல்லை, நினைக்கக்கூட இல்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன். நூற்றுக்கணக்கான துளை, எல்லாவற்றின் வழியாகவும் ஜன்னல் வெயில் என் முகத்தில் பொடிப்பொடியாக விழுகிறது. இந்த வாரம் முழுக்க நான் வைத்திருந்த பழைய கிண்ணத்தை எடுத்து அதேமாதிரி தூக்கிப் பிடிக்கிறேன். உள்பக்கம் இதேபோல நிறையத் துளை. ஆனால் வெயில் வரவில்லை. திருப்பிப் பார்க்கிறேன், அடிப்பக்கம் மூடிக் கிடக்கிறது, நட்டநடுவில் ஒரே ஒரு ஊசித்துளை. ஒரே ஒன்று. யா அல்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நான் எப்படி அரைத்தால் என்ன, எப்படி அழுத்தினால் என்ன, எல்லாம் கடைசியில் அந்த ஒரு ஊசி வழியாகத்தானே வந்தது, மெல்லிய ஊசியைப் போட்டுவிட்டு இந்த நரம்பிலும் ரத்தம் மெதுவாக வருகிறது அந்த நரம்பிலும் மெதுவாக வருகிறது என்று அலுத்துக்கொள்கிற பயிற்சிப் பெண்களை எத்தனை தரம் திட்டியிருக்கிறேன், நரம்பைப் பார்க்காதே, கையிலிருக்கிற ஊசியைப் பார் என்று, என் வீட்டு அடுப்படியில் நானே பார்க்கவில்லை. அதுவும் பழகாதவர்கள் எந்தப் பொடியைப் போட்டாலும் நுரை வரட்டும் என்று அவர்களாகவே வைத்துக் கொடுத்த கிண்ணமாக இருக்கும், ஏமாற்று நுரை, அதைக் காட்டிச் சமாதானம் செய்துவிட்டு நிஜமானதைத் தெர்மக்கோலுக்குள் வைத்திருக்கிறார்கள்.  ஆள் ஐந்து மணிக்கு மேல்தான் வருவான். துடைத்த தொட்டியைப் பார்த்தேன், அத்தனை சுத்தமாக இருந்தது. குடத்திலிருந்து தண்ணீரை எடுத்து அதில் ஊற்றினேன்.

ஊற்றினபிறகுதான் நினைவு வந்தது, குடிக்க முடியாதே. சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்கிறவரைக்கும் நாக்கில் வைக்க முடியாது, நாக்கில் வைக்காமல் எது சரி எது தப்பு என்று எப்படித் தெரியும். கஞ்சிக்கு உப்புப் பார்க்க நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று ஹஜ்ரத்மார் சொல்லித்தான் இருக்கிறார்கள், ஆனால் அது வீட்டாருக்குச் சமைக்கிறவளுக்குச் சொன்னது, என் ஆசைக்கு நான் போடுகிற காப்பிக்கு அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதுவும் இந்த வருஷம். பதிமூன்று வயதிலிருந்து ஒரு ரமலானிலும் நான் முப்பது நோன்பும் முழுசாகப் பிடித்ததில்லை, எந்தப் பெண்தான் பிடித்தாள், மாதாமாதம் வருகிற அது ரமலான் என்று பார்த்தா நிற்கும், அந்த ஆறேழு நாள் நோன்பும் இல்லை தொழுகையும் இல்லை, விட்ட நோன்பைப் பெருநாள் கழித்து வருஷம் முழுக்க ஒவ்வொன்றாகப் பிடித்துத் தீர்க்க வேண்டும், வீட்டில் எல்லோரும் பிரியாணி சாப்பிடுகிற நாளில் நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பேன். போன வருஷம் ஆடியோடு அது நின்றுவிட்டது. நின்றதும் ஒரு பயம் வந்தது, உடம்பில் ஏதோ கதவைச் சாத்திவிட்ட மாதிரி, இனி எல்லாம் காய்ந்துகொண்டே போவதுதானா என்று, லேபில் மற்றவர்களுடைய அளவுகளைப் பார்த்து மேலே கீழே என்று அம்புக்குறி போடுகிறவள் என்னுடையதைப் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. ஆனால் பிறை பார்த்த ராத்திரி சட்டென்று புரிந்தது, இந்தத் தடவை முப்பதும் என்னுடையது. ஒன்றுகூட விடாமல். அதில் ஒரு கீறல்கூட விழ விடமாட்டேன், காப்பிக்காகக்கூட. சிரிப்பாக வந்தது, முப்பத்தைந்து வருஷமாக வந்த லீவு எனக்குத் தேவைப்படுகிற இந்த ஒரு வருஷம் பார்த்து வரவில்லை. சரி. மூக்கு இருக்கிறது, கண் இருக்கிறது, காது இருக்கிறது. ரத்தத்தை ருசி பார்த்தா நான் இதுநாள்வரைக்கும் சொன்னேன்.

காப்பிக்கொட்டை ஐந்தாறு தரத்துக்குத்தான் இருந்தது, சிக்கரி கலக்காமல் வறுத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தது. கை அரைப்பானை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுற்றினேன், நோன்புக் கை, பத்துச் சுற்றில் தோள் கெஞ்சியது. ஊறவைத்த கடலைப்பருப்பு ஒரு பக்கம் கிடக்கிறது, வடைக்கு, அதை மிக்ஸியில் போட்டால் ஒரு நிமிஷம், போடவில்லை, இருக்கட்டும். புதுக் கிண்ணத்தில் பொடியை நிரப்பினேன், தட்டினேன், அழுத்தும் கட்டையால் அழுத்தினேன், கைப்பிடியைப் பூட்டினேன், பட்டனைத் தட்டினேன். ஒரு விநாடி மௌனம், அப்புறம் கிர்ரென்று பம்பு, உடனே குழாய் உடைந்த மாதிரிக் கொட்டியது, வெளிறிய டீத்தண்ணீர், நெற்றி முள் அசையக்கூட இல்லை, பத்து எண்ணுவதற்குள் கோப்பை நிறைந்து வழிந்தது. தோல்விதான், ஆனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஏனென்றால் இது இதுவரை வந்த தோல்வி இல்லை, புதுத் தோல்வி, முதன்முதலாக இந்த மெஷின் நான் செய்ததற்குப் பதில் சொல்கிறது. அரைப்பானின் வளையத்தை நான்கு கிளிக் இறுக்கினேன். மறுபடி சுற்றினேன். பொடி இப்போது விரலில் மாவாக ஒட்டியது. பூட்டித் தட்டினேன். முள் ஏறியது, ஏறியது, சிவப்பைத் தொட்டது, மெஷின் முக்கியது, கீழே ஒன்றும் இல்லை, வெடித்துவிடுமோ, ஆவி முகத்தில் அடித்துவிடுமோ, வெந்த முகத்தோடு நான் நிற்க, அவர் வந்து இனிமே உனக்கு இந்தப் பயமே வேணாம் என்று சொல்ல, அந்தக் குரல்கூடக் காதில் கேட்டது. நிறுத்தவில்லை. கையைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு வந்தது, தார் மாதிரி. வெகுநேரம் கழித்து இன்னொன்று. வாசனை மட்டும் வீடு முழுக்கப் போனது.

அந்த வாசனைக்குத்தான் தஸ்லீமா எழுந்து வந்தாள், என் மகள், காலேஜில் இரண்டாம் வருஷம், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றவள் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது, உதட்டில் பன்னுத் துணுக்கு. முழுங்கிவிட்டு, வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமே இல்லாதபோதும் ரகசியக் குரலில் சொன்னாள், "எனக்குத் தொழுகை இல்லம்மா, நேத்துலேர்ந்து." அந்த ரகசியக் குரல் என்னுடையது. அரிசி டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆம்பிளைகளுக்குத் தெரியக் கூடாது என்று தண்ணீரில் நனைத்த பிரெட்டை அவசரமாக முழுங்கின என்னுடைய குரல், ஒருநாள் கொழுந்தனின் செருப்புச் சத்தம் கேட்டுச் சூடான கஞ்சியை அப்படியே விழுங்கி நெஞ்சு வெந்துபோனது, கண்ணீரோடு கொழுந்தனிடம் தண்ணீர் வேணுமா என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காந்து சாப்பிடு. யாருக்கு ஒளிக்கிற?" என்றேன். அவள் சந்தேகமாக உட்கார்ந்தாள். "எனக்கு இந்த வருஷம் முப்பதும்டி" என்றேன். முதலில் புரியவில்லை, அப்புறம் கண் விரிந்தது, "நின்னுருச்சாம்மா? சொல்லவே இல்ல!" என்றாள், கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஃபுல் அட்டெண்டன்ஸ்மா உனக்கு." சிரித்துவிட்டேன், அழுதும்விட்டேன், இரண்டும் ஒன்றாக வந்தது, இத்தனை மாதம் கதவு சாத்திய மாதிரி கிடந்தது ஒரு கைகுலுக்கலில் பரிசு வாங்கின மாதிரி ஆகிவிட்டது. கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன். "உன் நாக்கைக் குடு" என்றேன்.

"உவ்வே" என்றாள், "கரிக்கட்டைய நக்குன மாதிரி இருக்கு." நல்லது, அது கசப்பு, அதிகமாக இறுக்கியிருக்கிறேன். இரண்டு கிளிக் தளர்த்தினேன். மூன்றாவது. இந்தத் தடவை வரத் தொடங்கியது, ஒழுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிண்ணத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய பீச்சு ஒன்று பீறிட்டு என் சட்டைக் கையில் பட்டது. "கசக்குது, புளிக்கவும் செய்யுதும்மா, ரெண்டும் தனித்தனியா" என்றாள், மூக்கைச் சுருக்கி. தனித்தனியாக. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் தண்ணீர் ஓடிவிட்டது, ஒரு பக்கம் தேங்கிவிட்டது, பொடி சமமாக உட்காரவில்லை, நான் அழுத்தும்போது உடம்பு சாய்கிறது, மேடை எனக்கு உயரம், எப்போதுமே உயரம், அவருடைய அம்மா உயரத்துக்குக் கட்டினது, இத்தனை வருஷமும் குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் இதில் சமைத்திருக்கிறேன், அது இப்போதுதான் எனக்கே தெரிகிறது. மணைப்பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். முழங்கை நேராக இறங்கியது. நரம்பு தேடும் விரலால் பொடியின் மேற்பரப்பைத் தடவினேன், எங்கே மெத்தென்று இருக்கிறது எங்கே வெற்றாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டால்தான் தெரியும், மூடிக்கொண்டேன். சமமாக்கினேன். அழுத்தினேன், சாயாமல். அஸர் பாங்கு சொன்னது, அது முடிகிறவரைக்கும் அப்படியே நின்றேன், பிறகு பட்டனைத் தட்டினேன். மௌனம். முள் நிதானமாக ஏறிப் பச்சைக்குள் போய் நின்றது. கிண்ணத்தின் அடியில் முதலில் வியர்வை துளிர்த்த மாதிரி, பிறகு எல்லாத் துளையும் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் ஒரே இழையாக, கறுப்பு இல்லை, சிவப்பும் இல்லை, நாவல்பழமும் தேனும் கலந்த ஒரு நிறம், அசையாமல், எண்ணெய் மாதிரி வளைந்து, சத்தமே இல்லாமல் இறங்கியது. சத்தமில்லாததுதான் முதலில் உறைத்தது. நரம்பு சரியாகக் கிடைத்தால் குழாய்க்குள் ரத்தம் அப்படித்தான் வரும், கேட்காமல், அவசரமில்லாமல். நிறம் வெளிறத் தொடங்கியதும் நிறுத்தினேன். தஸ்லீமா ஒரு வாய் வைத்தாள்.  நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வாய். பிறகு அண்ணாந்து மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையின் அடியைப் பார்த்தாள். "சொல்லுடி." "இரும்மா, இன்னும் வந்துட்டே இருக்கு" என்றாள்.

தொழுதுவிட்டு எழுந்திருக்கிறேன், அழைப்புமணி. கூரியர் ஆள், தோளில் பெரிய பை, வெயிலில் முகம் கறுத்து. "ரிட்டர்ன் பிக்கப் மேடம், கமாலுதீன்ங்கற பேருக்கு."  இன்னும் நான் குடிக்கவில்லை. ஒரு பெண்ணின் நாக்கை நம்பி, அதுவும் இன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக இதைக் குடித்த நாக்கை நம்பி, நாளைக்கு இது மறுபடி வெளிறிய தண்ணீராக வந்தால், அப்போது திருப்பிக் கொடுக்கவும் முடியாது, வருஷம் முழுக்க மேடையில் நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கும், பேசாமல் கொடுத்துவிட்டால் என்ன, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் எனக்கு அந்த இடத்தில் தாங்கவில்லை. "குடுக்கல, வச்சுக்கறோம்" என்றேன். "அப்ப கேன்சல் பண்ணணும் மேடம், சார் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க" என்றான். கடைக்கு அடித்தேன். பின்னால் யாரோ பைப்பை அறுக்கிற சத்தம். "ஓடிபி வந்திருக்கா?" "வந்திருக்கு, குடுத்துட்டியா?" "இல்ல. வேணாம்னு சொல்றதுக்குத்தான் கேக்கறேன்." அறுக்கிற சத்தம் நின்றது, அவர்தான் கடைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். "ஏன், சரியா வந்திருச்சா?" "வந்திருச்சு." "குடிச்சுப் பாத்தியா?" "நோன்பு எப்படிங்க குடிக்கிறது?" "குடிக்காம சரியா இருக்குன்னு எப்படிச் சொல்ற? நாளைக்கு மறுபடியும் வரலைன்னு நீதான் கஷ்டப்படுவ பல்கீஸு." "கஷ்டப்படறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, சண்டைக் குரல் இல்லை, லேபில் கையை நீட்டுங்க என்று சொல்கிற குரல். "நாந்தானே கஷ்டப்படப்போறேன், பட்டுக்கறேன். நம்பரைச் சொல்லுங்க."  எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், கடைசி எண்ணுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி. நான் அதை அப்படியே வாசலில் நின்றவனுக்குத் திருப்பிச் சொன்னேன். அவன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான், வெறும் கையோடு, எனக்கு அவன் முதுகைக் கூப்பிட்டு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது.

அவர் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வந்தார். மேசையில் பேரீச்சம்பழமும் தர்பூசணியும் மட்டும் இருந்ததைப் பார்த்தார், வடை எங்கே என்று கேட்க வந்து, அடுப்படியில் விளக்கெரிய நின்றிருந்த மெஷினைப் பார்த்து, கேட்கவில்லை. பாங்கு சொன்னது. பழம், தண்ணீர், இரண்டு வாய் கஞ்சி. எழுந்து உள்ளே போனேன், பலகையின் மேல் ஏறினேன், அரைத்து வைத்திருந்ததை நிரப்பி, தடவி, அழுத்தி, பூட்டினேன்.  அந்த இழை மறுபடி வந்தது, சாயங்காலம் வந்த அதே நிதானத்தில், ஒரு தரம் தற்செயலாக வரும், இரண்டாம் தரம் வராது, இரண்டாம் தரம் வந்தால் அது என் கையிலிருந்து வருவது. கோப்பையோடு வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பழத்தை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். பதினாலு மணி நேரம் ஒன்றும் படாத நாக்கில் அது போய் விழுந்தது, ஒவ்வொரு மூலையிலும் விளக்குப் போட்டுக்கொண்டே போன மாதிரி. பெங்களூரில் குடித்தது இல்லை இது. அதைவிடக் கனம், அதைவிட முரடு, புளிப்பு குறைவு, நடுவில் வறுத்த முந்திரி போல ஒன்று, பெயர் தெரியாத ஒன்று, இதற்குமுன் எங்கேயும் யாரும் குடித்திருக்க முடியாத ஒன்று, ஏனென்றால் இந்தக் கொட்டையும் இந்தக் கையும் இந்தப் பலகையும் சேர்ந்து இன்றைக்குத்தான். நெற்றிப்பொட்டில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தேன், வீடு அப்படியேதான் இருந்தது, நான்தான் கொஞ்சம் பெரிதாக இருந்தேன். "எனக்கும் ஒண்ணு போடேன், அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றார் அவர். கடைசிப் பிடிக் கொட்டை அது. தஸ்லீமா அரைத்தாள், நான் போட்டேன், அவர் முன்னால் வைத்தேன். ஒரு மடக்குக் குடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, மரியாதைக்கு முழுங்கினார், "என்ன பல்கீஸு, கஷாயம் மாதிரில்ல இருக்கு" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை. நான் காத்திருந்தேன், உள்ளே ஏதாவது இடியும் என்று, இடிகிற இடம் எது என்றுகூட எனக்குத் தெரியும், ஒன்றும் இடியவில்லை. மாறாக வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது, அவருக்குப் பிடிக்காதது எவ்வளவு நல்லது, முழுக்க முழுக்க என்னுடையதாக ஒன்று இந்த வீட்டில் இருக்கப்போகிறது. "சீனி போட்டுக் குடிங்க, பாலும் காய்ச்சித்தான் இருக்கு" என்றேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "சீனி எதுல இருக்கு?" என்று குரல் வந்தது. "மேல் தட்டுல, ரெண்டாவது டப்பா" என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே, என் கோப்பையில் இன்னும் ஒரு மடக்கு இருந்தது.